யாழ்ப்பாணத்தில் கற்ற தையலோடு பாரிஸுக்குப் போய் ஆடை வடிவமைப்பாளராக முடியுமா?

கொக்குவில் மாணவி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனது அம்மா இருபத்தைந்து வருடங்களாக வீட்டு விறாந்தையில் கால்மெசினை வைத்துப் பிளவுஸும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்து எங்கள் மூவரையும் வளர்த்தவர். உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு மொறட்டுவப் பல்கலைக்கழகத்தின் ஆடை வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தேன். அதற்கென நடத்தப்படும் உளச்சார்புப் பரீட்சையில் சித்தியடையவில்லை. அதன் பின்னர் இங்கேயே தையற் பயிற்சியில் சேர்ந்து, என்.வி.கியூ. என்னும் தேசிய தொழிற்றகைமையில் நான்காம் நிலைச் சான்றிதழ் பெற்று, இப்போது அம்மாவுடன் சேர்ந்து தைத்துக்கொண்டிருக்கிறேன்.

பாரிஸில் வதிவிட அனுமதியுடன் வாழும் ஒருவருடன் எனக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. அவர் எனது விருப்பத்துக்குத் தடை சொல்லவில்லை; ஆனால் முதலில் மொழி, பிறகு ஏதாவதொரு வேலை, அதன் பிறகுதான் படிப்பு என்கிறார். உறவினர்களோ, "வெளிநாட்டுக்குப் போயும் ஊசியும் நூலும்தானா?" என்று கேட்கிறார்கள். சுப்பர்மார்க்கெற்றில் காசாளராக வேலை செய்தால் மரியாதையாக இருக்கும் என்பது மாமியின் கருத்து.

மொழி தெரியாமல், அங்கே படித்த சான்றிதழும் இல்லாமல் போகும் ஒருவர் தையற்காரி என்ற இடத்திலிருந்து வடிவமைப்பாளர் என்ற இடத்துக்கு வருவது உண்மையில் நடக்கக்கூடியதா? அந்த வழியில் நடந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், பட்ட கஷ்டத்தை மறைக்காமல் எழுதுங்கள். புறப்படுவதற்கு முன் எனக்கு ஏறத்தாழ ஒரு வருடம் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

லாச்சப்பல் தையற்காரி:

அன்புத் தங்கைக்கு, உங்கள் கேள்வியை வாசித்தவுடன் எனது அம்மாவின் மெசின்தான் நினைவுக்கு வந்தது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியே இடம்பெயர்ந்தபோது, அவர் மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றி, அப்பாவின் சைக்கிள் கரியரில் கட்டி, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரிக்குக் கொண்டுபோனார். எனக்கு அப்போது பத்து வயது. கால்களை இழந்த அந்தத் தலையை ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி அவர் தைத்த உடுப்புகளைத்தான் நாங்கள் உடுத்தோம்.

நான் 2010 இல் இங்கே தஞ்சம் கோரி வந்தேன். அந்தக் காலத்தில் தஞ்சம் கோரியவர்களுக்கு முதலாவது வருடத்தில் வேலை செய்ய அனுமதி இல்லை. எனது விண்ணப்பத்தை, தஞ்சக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் ஒஃப்ப்ரா என்ற அலுவலகம் முதலில் நிராகரித்தது, மேன்முறையீட்டில்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டேன். இடைப்பட்ட காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காக ஒரு நிலக்கீழ் அறையில் இயங்கிய தையற்கூடத்தில், சம்பளச்சிட்டை எதுவும் இல்லாமல், கையில் தரும் காசுக்கு வேலை செய்தேன். மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருந்த நிலையில் ஒரு திங்கட்கிழமை காலை போனபோது கதவில் வேறு பூட்டு தொங்கியது. அந்தப் பணம் போனதைவிட எனக்குப் பெரிய இழப்பு வேறொன்று. செய்த வேலையின் அனுபவத்தை நிரூபித்தே தொழிற்சான்றிதழ் பெறும் வழியொன்று 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரான்ஸில் இருக்கிறது. அந்தக் கூடத்தில் உழைத்த நாட்களுக்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாததால், நான் அங்கே இருந்ததாகவே கணக்கில் வரவில்லை. தங்கைக்கு முறையான அனுமதியுடன் வரும் வாய்ப்பு இருக்கிறது. முதல் நாளிலிருந்தே சம்பளச்சிட்டை தரும் இடத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

வதிவிட அனுமதி கிடைத்த பின்னர் உடுப்புத் திருத்தும் கடையொன்றில் சேர்ந்தேன். காற்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, சிப்பு மாற்றுவது ஆகியவைதான் நாளாந்த வேலை. ஊரில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனால் எனது பள்ளிக்கூடம் அதுதான். ஒருநாள் மிகவும் பழைய ஆண்கள் கோட்டு ஒன்று தோளைக் குறைப்பதற்காக வந்தது. உள்துணியைப் பிரித்தபோது, வெளித்துணிக்கும் உள்துணிக்கும் இடையில் குதிரைமயிர் கலந்து நெய்த ஒரு விறைப்புத் துணியும், அதை வெளித்துணியோடு இணைக்கும் நூற்றுக்கணக்கான சிறிய சாய்தையல்களும் இருந்தன. அத்தனையும் கையால் போட்டவை; வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுகூடத் தெரியாது. கைத்தலையை, அதாவது கையின் மேல் வளைவை, அளந்து பார்த்தேன். அது சேரும் துவாரத்தைவிடச் சில சென்றிமீற்றர் கூடுதலாக இருந்தது. அந்தக் கூடுதல் துணியைச் சுருக்கம் விழாமல் நூலால் மெல்ல இழுத்து, நீராவி இஸ்திரிக்கையால் அமுக்கி அமுக்கித் தோளின் உருண்டைக்குள் அடக்கியிருந்தார்கள். கடை பூட்டிய பின்னரும் முதலாளியின் அனுமதியுடன் இருந்து, ஒவ்வொரு படையையும் கொப்பியில் வரைந்த பிறகே அந்தக் கோட்டைத் திரும்ப மூடினேன். நான் வடிவமைப்பைப் படிக்கத் தொடங்கியது அன்றுதான்.

பாரிஸ் மாநகரசபை வளர்ந்தோருக்கு நடத்தும் மாலை வகுப்புகளில் தையலும் இருக்கிறது. அதில் படித்துக்கொண்டே சே.ஆ.பே. என்னும் தொழிற்சான்றிதழுக்குத் தோற்றினேன். அது இரண்டு பிரிவாக இருக்கிறது: மென்துணியில் தைக்கும் பெண்கள் உடைக்கு ஒன்று, கோட்டு முதலிய கட்டமைப்பான உடைகளுக்கு இன்னொன்று. நான் முதலாவதை எடுத்தேன், முதல் தடவையில் தோற்றேன். காரணம் கை அல்ல, மொழி. 'ஓந்துருவா' என்றால் இடம் என்று மொழி வகுப்பில் படித்திருந்தேன். தையலில் அது துணியின் நல்ல பக்கத்தைக் குறிக்கும் என்பது எனக்குத் தெரியாது. அறிவுறுத்தல் தாளை 'இந்த இடத்தில் வையுங்கள்' என்று விளங்கிக்கொண்டு பிழையான பக்கத்தில் வைத்து வெட்டியதால், இடப்பக்கத் துண்டு வலப்பக்கமாகிவிட்டது. அடுத்த வருடம் சித்தியடைந்தேன். ஆகவே மொழிதான் முதலில் என்று உங்கள் வருங்காலக் கணவர் சொல்வது சரி. ஆனால் மொழி வகுப்பில் சொல்லித்தரும் பிரெஞ்சோடு நின்றுவிடாமல், தையல் மேசையில் பேசும் பிரெஞ்சையும் சேர்த்துப் படியுங்கள்.

இங்கே 'ஸ்ரிலிஸ்த்' என்பவர் உடையை எண்ணி வரைபவர். 'மொடெலிஸ்த்' என்பவர் அந்தப் படத்தை அளவாகவும் பற்றனாகவும் (துணி வெட்டுவதற்கான தாள் மாதிரியாகவும்) மாற்றி, மலிவான பருத்தித் துணியில் முதல் மாதிரியைத் தைத்துப் பார்ப்பவர். நான் இப்போது ஒரு மணப்பெண் உடைக் கூடத்தில் மொடெலிஸ்த். எனது சொந்த வடிவமைப்பிலும் வருடத்துக்குச் சில உடைகள் வெளியே போகின்றன. படம் வரையத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். வரைந்ததை உடலில் நிற்கவைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தையல் தெரிந்து வரும் எங்களைப் போன்றவர்களுக்கு வழி திறப்பது அந்த இடத்தில்தான்.

மனம் தளர்ந்த நாட்களில் நான் ஆடை வடிவமைப்பாளர் அஸெதின் அலாயாவை நினைத்துக்கொள்வேன். துனீசியாவிலிருந்து 1950களின் பிற்பகுதியில் பாரிஸுக்கு வந்து, தியோர் என்ற ஆடை நிறுவனத்தில் சேர்ந்து, பத்திரங்கள் சரியில்லை என்பதால் ஒரு வாரம்கூட நிலைக்காமல் வெளியேறியவர். பின்னர் ஒரு பிரபுக் குடும்பத்தின் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே தைத்துக் கொடுத்து வாழ்ந்தார். உலகப் புகழ் வந்த பிறகும் பற்றனைத் தன் கையாலேயே வெட்டினார். அவர் வாழ்ந்து வேலை செய்த கட்டடம் மரே பகுதியில் காட்சிக்கூடமாக இருக்கிறது. நீங்கள் வந்ததும் நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஸ்காபுரோவிலிருந்து ஒரு அண்ணன்:

தங்கச்சி, அக்கா எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தையல் வேலை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். நான் 1989 இல் கனடாவுக்கு வந்து, ரொறன்ரோவின் ஸ்படைனா வீதிப் பக்கமிருந்த ஆடைத் தொழிற்சாலையொன்றில் பதினாறு வருடங்கள் வேலை செய்தேன். துண்டுக்கணக்கில் சம்பளம். எனக்குத் தரப்பட்டது சேட்டின் பொக்கற் மட்டும். கண்ணை மூடிக்கொண்டு பொக்கற் வைக்கும் அளவுக்கு வேகம் வந்தது. ஆனால் ஒரு முழுச் சேட்டைத் தைக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது. பதினாறு வருடங்களில் ஒருவரும் எனக்கு அதைக் காட்டித்தரவும் இல்லை. 2005 ஜனவரி முதலாம் திகதியோடு உலக ஆடை வர்த்தகத்தில் இறக்குமதி அளவைக் கட்டுப்படுத்திய ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னரே தளர்ந்துபோயிருந்த தொழிற்சாலைகள் வரிசையாக மூடப்பட்டன, எங்களுடையதும் மூடப்பட்டது. பொக்கற் வைக்க மட்டும் தெரிந்த ஒருவனுக்கு வெளியே வேலை இருக்கவில்லை.

எனது மனைவி சுன்னாகத்தில் ஒரு தையல் அக்காவிடம் முழு உடுப்பும் தைக்கப் பழகியவர். அளவெடுத்து, வெட்டி, தைத்து, போட்டுப் பார்த்துத் திருத்தும் வரை எல்லாம் அவருக்குத் தெரியும். வீட்டின் நிலக்கீழ் அறையில் சாமத்திய வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் பிளவுஸ் தைக்கத் தொடங்கி, இப்போது மணப்பெண்ணின் முழு உடையையும் அவரே வடிவமைக்கிறார். நான் வேலையிழந்த காலத்தில் வீட்டைக் காப்பாற்றியது அவருடைய மெசின்தான். ஆகவே தொழிற்சாலை வரிசையில் உட்காராதீர்கள்; முழு உடுப்பும் ஒருவர் கையால் போகும் இடத்தைத் தேடுங்கள். தெரிந்தவர்கள் என்றாலும் முற்பணம் வாங்காமல் துணியில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள். சொந்தக்காரருக்குத் தைத்த கணக்குத்தான் எங்கள் வீட்டில் இன்னும் தீராமல் கிடக்கிறது.

மாமியின் மேல் கோபப்பட வேண்டாம். எங்கள் தலைமுறையில் தையலுக்குப் போனவர்களின் கண்ணும் நாரியும் என்ன ஆனது என்பதைப் பார்த்தவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

மானிப்பாய் ஆசிரியை:

மகளுக்கு, நான் மனையியலும் தையலும் கற்பித்து ஓய்வு பெற்றவள். மின்சாரமே இல்லாத 1990களின் முற்பகுதியில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குக் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஆடை வடிவமைப்பாளர் பலன்சியாகாவின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் 1895 இல் ஸ்பெயினின் கெத்தாரியா என்ற மீனவ ஊரில், எங்கள் வல்வெட்டித்துறையைப் போன்ற ஒரு கடலோரச் சிற்றூரில், பிறந்தார். சிறு வயதில் தந்தையை இழந்தார். தாய் தைத்துக் குடும்பத்தைக் காத்தார், மகன் தாயின் பக்கத்தில் இருந்து பழகினார். ஸ்பெயினில் பெயர் பெற்ற பின்னர் உள்நாட்டுப் போர் வந்தது. 1937 இல் பாரிஸில் புதிதாகத் தொடங்கினார். வரைவது, வெட்டுவது, தைப்பது ஆகிய மூன்றையும் தன் கையாலேயே செய்ய வல்லவர் என்பதற்காகத்தான் அவருடைய காலத்து வடிவமைப்பாளர்களே அவரை மதித்தார்கள். போர் நடந்த ஊரிலிருந்து, தைக்கும் தாயின் பிள்ளையாகப் போகும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உளச்சார்புப் பரீட்சையில் நீங்கள் தவறியதற்குக் காரணம் வரைதல் பழக்கம் போதாமையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் அனுப்பிய மாணவிகள் பலருக்கும் நேர்ந்தது அதுதான். எங்கள் பிள்ளைகள் அழகாகத் தைப்பார்கள், பென்சிலைக் கொடுத்தால் கை நடுங்கும். இந்த ஒரு வருடத்தை அதற்குக் கொடுங்கள். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாட்கள் நடக்கும். நாளும் ஒரு கொப்பியுடன் தெற்கு வீதியில் ஓரமாக உட்கார்ந்து, முகங்களை விட்டுவிட்டுத் துணியை மட்டும் வரையுங்கள். சேலை முழங்காலில் எப்படி மடிகிறது, பிள்ளையைத் தூக்கியவரின் முந்தானை எந்தப் பக்கம் இழுபடுகிறது, பிரதட்டை செய்து எழும்பியவரின் நனைந்த வேட்டி காலோடு எப்படி ஒட்டுகிறது என்று கவனித்து வரையுங்கள். தைத்தவற்றின் படங்களைச் சேர்க்கும்போது முடிந்த உடுப்பை மட்டும் வைக்காமல், அளவு எழுதிய தாளையும், பிழைத்துப்போன முதல் வெட்டையும், அதை எப்படித் திருத்தினீர்கள் என்பதையும் சேர்த்து வையுங்கள்.

கொக்குவில் மாணவி:

அக்காவுக்கும் அண்ணாவுக்கும் ரீச்சருக்கும் மிக்க நன்றி. அண்ணா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் பேசாமல் மெசினுக்கு எண்ணெய் விடத் தொடங்கிவிட்டார். ரீச்சர், நான் வரைதலில்தான் தவறினேன், நீங்கள் சொன்னது உண்மை. இன்னொரு சிறிய சந்தேகம். அம்மா எல்லாவற்றையும் அங்குலத்தில்தான் வெட்டுவார்; பிளவுஸின் பக்கத் தையலில் இரண்டு அங்குலம் வரை உள்ளே விடுவார். பயிற்சி நிலையத்தில் அது துணியை வீணாக்கும் பழைய பழக்கம் என்று திருத்தினார்கள். பாரிஸுக்கு வருவதற்கு முன் அந்தப் பழக்கத்தை நான் விட்டுவிட வேண்டுமா?

லாச்சப்பல் தையற்காரி:

அங்குலத்தை விடுங்கள், உள்ளே துணி விடும் பழக்கத்தைக் கைவிடாதீர்கள். இங்கே எல்லாம் சென்றிமீற்றர். இன்றிலிருந்தே சென்றிமீற்றர் நாடாவில் அம்மாவின் பிளவுஸைத் திரும்ப வரைந்து பழகுங்கள். ஆயத்த ஆடைகளில் தையலுக்கு ஒரு சென்றிமீற்றர்தான் விடுவார்கள். அதனால்தான் திருத்தக் கடைக்கு வரும் உடுப்பைக் குறைக்க முடியும், பெருப்பிக்க முடியாது. ஆனால் ஒருவருக்கென்றே தைக்கும் உயர்தர உடைகளில், உடல் மாறினால் பிரித்து விடலாம் என்பதற்காக உள்ளே தாராளமாகத் துணி விடுகிறார்கள். இப்போதைய கூடத்தில் சேர்வதற்கு நான் செய்துகாட்டிய மாதிரி உடையில், பழக்கத்தால் பக்கத் தையலில் மூன்று சென்றிமீற்றர் விட்டிருந்தேன். தலைமை வெட்டுநர் உடையை உட்புறம் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேட்டார். எனது அம்மாவிடம் என்றேன்.

அம்மாவின் பழைய பிளவுஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி, பிரிக்காமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.