புதுப்பிப்பு: காரின் முன் இடது கார்பெட் ஈரத்துக்குக் காரணம் ஏசி டிரெயின் குழாய்

மழையே பெய்யாத நாளிலும் முன் இடது இருக்கையின் கால் வைக்கும் இடம் நனைகிறதே, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது: ஏசியில் சேரும் தண்ணீரை வண்டிக்கு அடியில் வெளியேற்றும் டிரெயின் குழாயில் தூசியும் பாசியும் சேர்ந்த அடைப்பு.

புழுக்கமான நாளில் ஏசியை 20 நிமிடம் ஓடவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள். சொட்டவே இல்லையென்றால் தண்ணீர் உள்ளேதான் இறங்குகிறது. ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். அந்தத் திரவம் ஓடி உள்ளே வெப்பம் தரும் ஹீட்டர் கோர் கசிகிறது. மழைக்குப் பின் மட்டும் நனைந்தால் முதலில் வைப்பருக்குக் கீழே இலைச் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடைப்பை வெளிப்பக்கத்திலிருந்து வளையும் நைலான் இழையால் மெதுவாக எடுக்க வேண்டும். ஏர் கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிக்காதீர்கள். உள்ளே குழாய் கழன்றுவிட்டால் தண்ணீர் மறுபடி கார்பெட்டுக்கே வரும்.

பலரும் கோட்டை விடுவது உலர்த்துவதில்தான். மேல்துணி காய்ந்தாலும் அடியிலுள்ள ஃபோம் வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நாற்றமும் தரைத் தகட்டில் துருவும் அங்கிருந்துதான் தொடங்கும். கதவோரப் பிளாஸ்டிக் பட்டியைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி அடியில் கட்டை கொடுத்து, ஈரத்தை வேக்யூமால் உறிஞ்சி, ஃபேன் வையுங்கள். தண்ணீரையும் உறிஞ்சும் வெட் வேக்யூம்தான் வேண்டும், சாதாரண வேக்யூம் ஆகாது. இருக்கையைக் கழற்ற நேர்ந்தால் முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிச் சில நிமிடம் பொறுங்கள். ஏனென்றால் இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டர் ஏர்பேக் வயருடையது.