வெளிநாட்டு பிளாக் லிஸ்டை நம் சர்வரில் ஏற்றலாமா?

முத்தியால்பேட்டை (அட்மின்):
எல்லோருக்கும் வணக்கம். மாஸ்டடான் ட்விட்டர் மாதிரித்தான், ஆனால் தனித்தனி ஆட்கள் நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அதில் நம் சர்வரை மூன்று வருடமாக நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன். போன ஞாயிறு காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பையனுக்குச் செருப்பு பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு ரிப்போர்ட் வந்தது. திறந்தேன். எங்கோ இருக்கும் ஒரு சர்வரிலிருந்து வந்த படம். என்ன படம் என்று எழுத மாட்டேன். பையன் பக்கத்திலேயே நிற்கிறான். போனைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். செருப்புக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று இப்போதும் நினைவில்லை.

வெளிநாட்டு அட்மின்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் பொது பிளாக் லிஸ்டில், அதாவது தடுக்க வேண்டிய சர்வர்களின் பட்டியலில், அந்த சர்வர் பல மாதமாக இருக்கிறது. லிஸ்டை முன்பே ஏற்றியிருந்தால் படம் நம் பக்கம் வந்திருக்காது. ஒரு சிஎஸ்வி கோப்பு, இம்போர்ட் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. வரும் ஞாயிறு ஏற்றப் போகிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
எனக்கு இருக்கிறது அண்ணே.

2024 பிப்ரவரியில் ஒரு ஸ்பேம் அலை அடித்ததே, நினைவிருக்கிறதா? அட்மின் கவனிக்காத, யார் வேண்டுமானாலும் கணக்குத் திறக்கலாம் என்றிருந்த சின்ன சர்வர்களாகத் தேடி, ஸ்கிரிப்ட் வைத்துக் கணக்குகளைத் திறந்து, ஸ்பேம் என்ற பெயரில் விற்கும் டின் இறைச்சிப் படமாகக் கொட்டினார்கள். கடலூரில் நாங்கள் எட்டுப் பேர் நடத்தும் சர்வரும் அதில் மாட்டியது. வீட்டில் அக்கா கல்யாணம், நான் பந்தல்காரர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன். கணக்குகளை அழித்தேன், புதுப் பதிவை மூடினேன். ஆனால் அதற்குள் எங்கள் பெயர் லிஸ்டில் ஏறிவிட்டது. இறக்கச் சொல்லி இரண்டு முறை எழுதினேன், பதிலே இல்லை.

அந்த வருடம் நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி எங்கள் ஊருக்குள் வந்தது. எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தப் பக்கம் வண்டி போகும் என்று விடிய விடிய எழுதினோம். பாண்டியில் இருக்கும் என் தங்கை வேறொரு சர்வரில் இருக்கிறாள். அவள் அட்மின் இதே மாதிரி ஒரு லிஸ்டை ஏற்றியிருந்தார். அவளுக்கு ஒரு வரிகூடப் போய்ச் சேரவில்லை. மறுநாள் லைன் கிடைத்ததும், "உயிரோடதான் இருக்கியா? ஒரு வார்த்தை எழுத முடியலையா?" என்று திட்டினாள்.

லிஸ்டில் இருக்கும் சர்வரைச் சஸ்பெண்ட் செய்தால், அதாவது முழுசாகத் தடுத்தால், ஃபாலோ எல்லாம் இரண்டு பக்கமும் அறுந்துவிடும். பிறகு தடையை எடுத்தாலும் தானாக ஒட்டாது.

தேவனாம்பட்டினம்:
தம்பி, உங்கள் கஷ்டம் புரிகிறது. என் கதையையும் கேளுங்கள்.

2022 அக்டோபரில் மஸ்க் ட்விட்டரை வாங்கியதும் இங்கே வந்தவள் நான். மீன் விற்கும் பெண்களைப் பற்றி எழுதுவேன். ஒருநாள் சாயங்காலம் ஒரே சர்வரிலிருந்து பதினோரு கணக்குகள் வந்தன. எல்லாம் சாதிப் பெயர் சொல்லித் திட்டு. ஒன்றைப் பிளாக் செய்தால் இன்னொன்று முளைக்கும். கணக்கு கணக்காகப் பிளாக் செய்வது கொசு அடிக்கிற வேலை. சர்வரையே தடுப்பதுதான் தேங்கின தண்ணீரைக் கொட்டுவது.

2019 ஜூலையில் காப் (Gab) என்ற தீவிர வலதுசாரித் தளம் மாஸ்டடான் நிரலை எடுத்துக்கொண்டு இந்த வலைக்குள் வந்தது. அதைத் தனித்தீவாக்கியது யார்? சர்வர் சர்வராகக் கதவைச் சாத்திய அட்மின்கள்தான். ஒருவர் பார்த்து இன்னொருவருக்குச் சொன்னதால் நடந்தது. அடிபட்ட பிறகுதான் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், அந்த அடி எங்கள் முதுகில்தான் விழும்.

அரியாங்குப்பம்:
இது என்ன புதுசா? இமெயிலில் 1997லேயே இப்படி லிஸ்ட் வந்துவிட்டது. ஸ்பேம் அனுப்பும் சர்வர்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் 1998லிருந்து இருக்கிறது. உங்கள் இன்பாக்ஸ் நாறாமல் இருப்பது யாரோ வைத்திருக்கும் லிஸ்டின் தயவில்தான். அதை யாரும் சர்வாதிகாரம் என்று சொல்லவில்லையே.

கெடிலக்கரை:
ஸ்பாம்ஹவுஸில் நம் சர்வரின் ஐபி முகவரியைப் போட்டால் ஏன் ஏறியிருக்கிறது என்று காட்டும், நீக்கச் சொல்லிக் கேட்கவும் வழி உண்டு. இங்கே சர்வரின் டொமைன், முழுத் தடையா (சஸ்பெண்ட்) பாதித் தடையா (லிமிட்), அப்புறம் காரணத்துக்கு ஒரு கட்டம். அந்தக் கட்டம் பல வரிகளில் காலி.

மொழியையும் யோசியுங்கள். மேட்ச் அன்றைக்கு ஒரு பையன் "கொன்னுட்டான்டா" என்று போட்டான். மொழிபெயர்ப்பில் அது கொலை. வெளிநாட்டு மாடரேட்டர் மிரட்டல் என்று முடிவு செய்து அவன் கணக்கை முடக்கினார். "பாராட்டினேன் சார்" என்று அவன் ஆங்கிலத்தில் மூன்று பத்தி எழுத வேண்டியிருந்தது. இவர்கள் தொகுக்கும் லிஸ்டில் தமிழ் சர்வர்களுக்கு என்ன நியாயம் கிடைக்கும்?

முத்தியால்பேட்டை (அட்மின்):
நியாயம்தான். ஆனால் என் பக்கம் ஒன்று இருக்கிறது. வெளி சர்வர் படத்தை மாஸ்டடான் நகலெடுத்து நம் டிஸ்கிலேயே வைக்கும். குழந்தைகளை வைத்து எடுத்த படம் அப்படி வந்து உட்கார்ந்தால்? அந்த மாதிரிப் படங்களைக் குற்றமாக்கும் 67பி என்று ஒரு பிரிவு ஐடி சட்டத்தில் இருக்கிறது, படித்துப் பாருங்கள். போலீஸ் வந்தால் லிஸ்ட் வைத்திருப்பவர் வீட்டுக்குப் போகாது, முத்தியால்பேட்டைக்குத்தான் வரும். வீட்டில் அம்மா இருக்கிறார்.

கெடிலக்கரை:
அந்த வகை சர்வர்களைச் சஸ்பெண்ட் செய்யுங்கள், நானே கூட நிற்கிறேன். மற்றதை லிமிட்டில் வையுங்கள். பொது டைம்லைனில் வராது, ஃபாலோ செய்பவர்களுக்கு மட்டும் தெரியும். படம் வேண்டாமென்றால் மீடியாவை மட்டும் மறுக்கத் தனியாக ஒரு டிக் இருக்கிறது. ஏற்றும் முன் லிஸ்டை ஒருமுறை படியுங்கள் அண்ணே, அவ்வளவுதான் கேட்கிறேன்.

அரியாங்குப்பம்:
நூற்றுக்கணக்கான வரிகளை யார் உட்கார்ந்து படிப்பது? நீங்கள் வருவீர்களா?

கெடிலக்கரை:
வருகிறேன்.

முத்தியால்பேட்டை (அட்மின்):
நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். தம்பி, 214ஆவது வரியில் உங்கள் சர்வர் இருக்கிறது. சஸ்பெண்ட். காரணம் காலி. ஐந்து நிமிட வேலை என்று எழுதியது நான்தான். நம் ஆட்களில் ஏழு பேர் உங்களை ஃபாலோ செய்கிறார்கள், அதில் என் மைத்துனரும் ஒருவர். ஏற்றியிருந்தால் அந்த ஃபாலோ எல்லாம் அறுந்துபோயிருக்கும்.

ஞாயிறு ஏற்றப் போவதில்லை. குழந்தைகள் படக் கேஸ் என்று தெளிவாகக் காரணம் எழுதியிருக்கும் வரிகளை மட்டும் இன்றைக்கே சஸ்பெண்ட் செய்துவிட்டேன்.

தேவனாம்பட்டினம்:
சரி. என்னைத் திட்டிய அந்தப் பதினோரு கணக்குக்காரர்கள்? அந்த சர்வரை எப்படி வைக்கப் போகிறீர்கள், லிமிட்டா?

முத்தியால்பேட்டை (அட்மின்):
அக்கா, அது லிஸ்டிலேயே இல்லை. இரண்டு முறை தேடிவிட்டேன்.

தேவனாம்பட்டினம்:
எப்படி இருக்கும்? அந்தச் சொல் என்ன சொல் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். நீங்களே கையால் போடுங்கள். லிமிட் எல்லாம் வேண்டாம்.

கெடிலக்கரை:
எனக்கும் அனுப்புங்கள் அக்கா. எங்கள் பக்கமும் போட்டுவிடுகிறேன்.

அரியாங்குப்பம்:
அப்போ பகிர்ந்த பிளாக் லிஸ்ட் வேண்டாம் என்று சொன்னது நீங்கள்தானே?

கெடிலக்கரை:
காரணக் கட்டம் காலியாக இல்லையே.