ப்ளேனோவா, சான் ஹோசேவா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்

உறையூர்க்காரன்:
அனைவருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் வந்து ஐந்து வாரங்கள்தான் ஆகின்றன; நியூஜெர்சியில் எடிசன் நகரத்து விடுதி அறை ஒன்றில் தங்கியிருக்கிறேன். எந்தப் பணித்திட்டத்துக்காக வந்தேனோ அது போன வாரம் திடீரென்று முடிந்துவிட்டது. டெக்சாஸில் ப்ளேனோ, கலிபோர்னியாவில் சான் ஹோசே, இவ்விரண்டு அலுவலகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்லிவிட்டார்கள். டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாதாம், கலிபோர்னியாவில் 13.3 விழுக்காடு வரை பிடித்துவிடுவார்களாம். ஆனாலும் வாழ்வதற்குக் கலிபோர்னியாதான் நல்லது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு இரவுகளாகத் தூக்கமில்லை. வரியை மிச்சம் பிடிப்பதா, வாழ்க்கையைப் பார்ப்பதா? அனுபவப்பட்டவர்கள் ஒரு வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஃபிரிஸ்கோவாசி:
தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ப்ளேனோ என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். நான் 2014இல் வந்தபோது எனக்கு இப்படிச் சொல்ல ஓர் ஆள் இல்லை. காற்றடைத்த மெத்தையில் மூன்று மாதம் படுத்தேன். அதில் ஓட்டை விழுந்து, விடியும்போது முதுகு தரையில் கிடக்கும். அந்த நிலையிலிருந்து மூன்றே ஆண்டுகளில் சொந்த வீட்டுக்குப் போனேன் என்றால் காரணம், சம்பளத்தில் மாநிலம் கை வைக்காததுதான். இங்கே டெக்சாஸில் மாநிலத்துக்கென்று தனியாக வருமான வரிப் படிவம் நிரப்பும் வேலைகூட இல்லை. வந்தவுடன் வாடகையில் பணத்தைக் கரைக்காமல் வீடு பாருங்கள். ப்ளேனோவுக்குப் பக்கத்தில் எங்கள் ஃபிரிஸ்கோவில் உள்ள காரிய சித்தி அனுமன் கோயிலுக்கு அருகில் இருந்தால் பெற்றோர் வரும்போதும் வசதியாக இருக்கும்.

குளக்கரை:
கேட்டவர் வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது; அவரை வீடு வாங்கச் சொல்கிறீர்களே! முதலில் அந்த 13.3 பூதத்தை இறக்கி வைப்போம். அது ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஈட்டுபவர்களுக்கான உச்ச விகிதம். கலிபோர்னியாவில் வருமான வரி ஒரு விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிறது. கணவனும் மனைவியும் கூட்டாகத் தாக்கல் செய்தால் 9.3 என்ற படியைத் தொடுவதற்கே வரிக்குரிய வருமானம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் டாலரைத் தாண்ட வேண்டும். அதற்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான் அந்த விகிதம், முழுச் சம்பளத்துக்கும் அல்ல. நான் சான் ஹோசேக்குப் பக்கத்தில் உள்ள சன்னிவேலுக்கு வந்த புதிதில் இது தெரியாமல், பயந்துபோய், இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டில் ஏழு மாதம் இருந்தேன். அடுப்படிக்கு முறை வைத்துச் சமைத்தோம். காலை ஆறு மணிக்குள் எங்கள் குக்கர் இறங்கியாக வேண்டும். தவறினால் அன்றைக்கு ரொட்டிதான். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், நான் பயந்த வரியில் பாதிகூட வரவில்லை.

எடிசன் அக்கா:
எதற்காக எடிசனை விட்டுப் போக வேண்டும்? இங்கேயே நியூயார்க் பக்கம் வேறு திட்டம் கேட்டுப் பாருங்கள். பிரிட்ஜ்வாட்டர் கோயில் இருக்கிறது, ரயில் இருக்கிறது, தெருவுக்குத் தெரு நம் கடைகள் இருக்கின்றன. சொத்து வரி மட்டும்தான் உயிரை வாங்கும். நாட்டிலேயே அதில் முதலிடம் எங்களுக்குத்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். சராசரியே ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரை எட்டிவிட்டது. வீட்டுக் கடனை அடைத்து முடித்தாலும் ஊராட்சிக்கு வாடகை கொடுப்பது போலத்தான் இருக்கிறது.

ஃபிரிஸ்கோவாசி:
அக்கா, வாடகைக்கு இருப்பவருக்குச் சொத்து வரி ஏது? எனவே ப்ளேனோவில் அவருக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

பழைய பேரேடு:
வாடகைக்காரருக்கு வரிச் சீட்டு வராது. ஆனால் வீட்டுக்காரர் கட்டும் வரி வாடகைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. டெக்சாஸிலும் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும், சாலை போட வேண்டும். சம்பளத்தில் எடுக்காததை உள்ளூர் அமைப்புகள் வீட்டில் எடுக்கின்றன. நாலரை லட்சம் டாலர் வீட்டுக்கு இரண்டு விழுக்காட்டை ஒட்டி வரி வந்தால் ஆண்டுக்கு ஒன்பதாயிரம் ஆயிற்று. புதிதாக எழும்பும் புறநகர்களில் தண்ணீர், கழிவுநீர் வசதிக்கென்று தனி வட்டாரம் அமைத்து அதற்கும் வரி சேர்ப்பார்கள். அங்கே விகிதம் இன்னும் கூடும். சொந்தக் குடியிருப்புக்குச் சலுகை உண்டு, மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் மே 15க்குள் முறையிடலாம் என்பதெல்லாம் உண்மைதான். கலிபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13ஆம் முன்மொழிவின்படி, அடிப்படைச் சொத்து வரி வாங்கிய விலையில் ஒரு விழுக்காடு. அந்த மதிப்பை ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. பழைய வீட்டுக்காரருக்கு அது வரம். இன்று வாங்கப்போகிறவருக்கு அந்த வாங்கிய விலையே சாபம்.

மழைக்காதலன்:
சியாட்டிலுக்கு வந்துவிடுங்கள். வாஷிங்டன் மாநிலத்திலும் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. விற்பனை வரி மட்டும் பத்து விழுக்காட்டுக்கு மேல்.

பழைய பேரேடு:
நிறுவனம் அவருக்குச் சியாட்டிலைக் கொடுக்கவில்லையே ஐயா.

கொள்ளிடத்தான்:
எளிய வழி ஒன்று இருக்கிறது. சான் ஹோசே சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு, டெக்சாஸில் வீடெடுத்து, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். என் நண்பர் அப்படித்தான் செய்கிறார்.

பழைய பேரேடு:
உங்கள் நண்பர் நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் பச்சை அட்டை வைத்திருப்பார். எச்-1பியில் இருப்பவர் எந்தப் பெருநகர வட்டாரத்தில் வேலை செய்கிறார் என்பது தொழிலாளர் துறையிடம் கொடுத்த விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வட்டாரத்தை விட்டு வெளியே போவதென்றால் நிறுவனம் திருத்திய மனுவைத் தாக்கல் செய்தாக வேண்டும். 2015 முதல் இந்த விதியில் ஐயத்துக்கே இடமில்லை. வரியை மிச்சப்படுத்தப் போய் விசாவில் கை வைத்துக்கொள்ள வேண்டாம்.

வேப்பமரத்து நிழல்:
எல்லோரும் அவருடைய சம்பளச் சீட்டையே பார்க்கிறீர்கள். அவருக்கு மனைவி இருக்கிறாரா, இருந்தால் அவர் பகலெல்லாம் என்ன செய்வார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எச்-1பியில் இருப்பவரின் மனைவிக்குக் கொடுக்கும் எச்-4 விசாவில், ப்ளேனோ இருக்கும் டாலஸ் புறநகர்ப் பக்கம் நான் வந்தது ஒரு ஜூலை மாதம். கணவர் காலை எட்டு மணிக்கு எங்களிடம் இருந்த ஒரே காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மளிகைக் கடை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஆறு தடச் சாலை, நடைபாதை கிடையாது. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய், பத்துப் பவுண்டு அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினேன். தார் இளகி ரப்பர்ச் செருப்பு ஒட்டிக்கொண்டது. ஒரு கார்க்காரர் வண்டியை நிறுத்தி, ஏதாவது விபத்தா, உதவி வேண்டுமா என்று கேட்டார். நடந்து போகிற மனுஷியைப் பார்த்தால் விபத்து என்றுதான் அங்கே நினைப்பார்கள் போலிருக்கிறது. அதற்குப் பிறகு நான்கு மாதம், ஓட்டுநர் உரிமம் கைக்கு வரும்வரை, சனி ஞாயிறு தவிர நான் வாசற்படி தாண்டவில்லை. வருமான வரி இல்லாத மாநிலம் என்று கணவர் ஊருக்குத் தொலைபேசியில் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த அரிசிப் பைதான் நினைவுக்கு வரும்.

ஃபிரிஸ்கோவாசி:
சகோதரி, ஜூலை வெயிலை மறுக்கவில்லை. அதற்காகக் கலிபோர்னியாவை சொர்க்கம் ஆக்கிவிடாதீர்கள். 2020 செப்டம்பரில் காட்டுத்தீப் புகையில் அங்கே பகலிலேயே வானம் ஆரஞ்சு நிறமாகிக் கிடந்தது நினைவிருக்கிறதா?

குளக்கரை:
2021 பிப்ரவரிப் பனிப்புயலில் உங்கள் மாநிலத்தில் லட்சக்கணக்கான வீடுகள் மின்சாரம் இல்லாமல் கிடந்ததும் நினைவிருக்கிறது.

எடிசன் அக்கா:
எங்கே போனால்தான் மிச்சம்? இங்கே சுங்கச்சாலை, டாலஸிலும் சுங்கச்சாலை, ஆலங்கட்டி மழை, ஆண்டுக்காண்டு ஏறும் வீட்டுக் காப்பீடு. கலிபோர்னியாவில் மின்கட்டணச் சீட்டைப் பிரிக்கவே என் தங்கை பயப்படுகிறாள். நான்கு முருங்கைக்காயை ரப்பர் வளையத்தில் கட்டி ஐந்து டாலர் என்கிறார்கள், அதிலும் ஒன்று முற்றல்.

கொள்ளிடத்தான்:
கலிபோர்னியாவில் அந்த முருங்கைக்காய்க்கும் விற்பனை வரி ஒன்பது விழுக்காடு!

பழைய பேரேடு:
இல்லை. சமைக்காத உணவுப் பொருளுக்குக் கலிபோர்னியாவிலும் விற்பனை வரி இல்லை, டெக்சாஸிலும் இல்லை. முருங்கைக்காயை இத்துடன் விட்டுவிடுவோம். உறையூர்க்காரரே, இரண்டு இடத்துச் சம்பளம் என்ன, உடன் இருப்பவர்கள் யார், கார் ஓட்டுவீர்களா? இவை தெரியாமல் நாங்கள் அனைவரும் அவரவர் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருப்போம்.

உறையூர்க்காரன்:
பொறுத்தருள வேண்டும், பதற்றத்தில் முக்கியமானவற்றை விட்டுவிட்டேன். சான் ஹோசேக்கு 160,000 டாலர், ப்ளேனோவுக்கு 138,000. மனைவியும் ஆறு வயது மகளும் என்னுடன்தான், இதே விடுதி அறையில் இருக்கிறார்கள். மனைவி ஊரில் தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், இங்கே எச்-4. எனக்குக் கார் ஓட்டத் தெரியும், அவருக்குத் தெரியாது. வீடு வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

பழைய பேரேடு:
இப்போது பேசலாம். அடுத்த முழு ஆண்டுக்கு, கூட்டுத் தாக்கல் என்று வைத்துக்கொள்வோம். சான் ஹோசேயில் மாநில வருமான வரி ஆறாயிரத்துச் சொச்சம் வரும். அதோடு சம்பளம் முழுவதற்கும் பிடிக்கப்படும் மாநில ஊனக் காப்பீட்டையும் கூட்டினால் எட்டாயிரத்தைச் சுற்றி நிற்கும். சம்பள வேறுபாடு 22,000. அதில் கூட்டாட்சி வரி 22 விழுக்காடு, சமூகப் பாதுகாப்பும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரும் 7.65 விழுக்காடு போனால் சுமார் 15,500 மிஞ்சும். கலிபோர்னியாவின் எட்டாயிரத்தைக் கழித்த பிறகும் சான் ஹோசேயில்தான் கைக்கு ஏழாயிரத்து ஐந்நூறு கூடுதலாக வருகிறது. ஆக, நீங்கள் தூக்கம் கெட்ட வரி இந்தக் கணக்கைத் தீர்மானிக்கவே இல்லை.

தீர்மானிப்பது வாடகை. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாதம் சான் ஹோசேயில் 3,400, ப்ளேனோவில் 1,800 என்று கொண்டால் ஆண்டுக்கு 19,200 வேறுபாடு; ப்ளேனோ 11,700 முன்னால் நிற்கிறது. ஆனால் ப்ளேனோவில் உங்கள் மனைவி வீட்டுக்குள் அடைபடாமல் இருக்க இரண்டாவது கார் வேண்டும். கடன் வரலாறு இல்லாதவருக்கு வட்டியும், புதிய உரிமத்துக்குக் காப்பீடும் கூடுதலாக இருக்கும். எரிபொருளையும் சேர்த்தால் முதல் ஆண்டில் ஏழாயிரம், ஏழாயிரத்து ஐந்நூறு ஆகிவிடும். மிஞ்சுவது மாதத்துக்கு 350 டாலர். சான் ஹோசே பக்கம் எல் கமீனோ ரியல் சாலையை ஒட்டி வீடெடுத்தால் பேருந்து இருக்கிறது, நடக்கிற தூரத்தில் கடை கிடைக்கும், ஒரே காரில் சமாளிக்கலாம். அதற்கு மாதம் 350 கொடுப்பீர்களா என்பதை நீங்கள் இருவரும்தான் பேச வேண்டும். என்னைக் கேட்டால் முதல் இரண்டு ஆண்டுக்குக் கொடுப்பேன், வீடு வாங்கும் காலம் வந்தால் மறுபடி உட்கார்ந்து கணக்குப் போடுவேன்.

வெள்ளிக்கு முன் நிறுவனத்திடம் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். புதிய ஊருக்கான திருத்திய எச்-1பி மனுவை எந்தத் தேதியில் தாக்கல் செய்வார்கள்? அது தாக்கலாகும் முன் அங்கே வேலையைத் தொடங்க வேண்டாம். பச்சை அட்டைக்கான நடைமுறையை எப்போது தொடங்குவார்கள்? பச்சை அட்டைக்காக நிறுவனம் உங்கள் பெயரில் தாக்கல் செய்யும் ஐ-140 மனு ஏற்கப்பட்ட பிறகுதான் உங்கள் மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். இரண்டாவது சம்பளம் எப்போது என்பது இதில்தான் இருக்கிறது. இடமாற்றச் செலவு யாருடையது? இவற்றோடு, நியூஜெர்சியில் வேலை செய்த ஐந்து வாரச் சம்பளத்துக்கு அங்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கூட்டுத் தாக்கலுக்கு உங்கள் மனைவிக்கு வரி அடையாள எண் வேண்டும். சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்காதவர்களுக்கு அதை வரிப் படிவத்தோடு சேர்த்தே கேட்கலாம்.

உறையூர்க்காரன்:
ஐயா, மிக்க நன்றி. உங்கள் கணக்கை மனைவியிடம் காட்டினேன். எட்டாயிரத்தைத் தானும் ஒரு முறை போட்டுப் பார்த்துச் சரி என்றார். பிறகு வரைபடத்தைத் திறந்து இரண்டு ஊரிலும் வீட்டிலிருந்து பால் வாங்க எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று அளந்தார். அரிசிப் பை பற்றி எழுதிய சகோதரியின் பதிவை அவர் எனக்கு முன்பே படித்திருக்கிறார். சான் ஹோசே என்று முடிவு செய்திருக்கிறோம். நிறுவனத்துக்கு மூன்று கேள்விகளையும் அனுப்பிவிட்டேன். மனு தேதிக்கு மட்டும் பதில் வந்திருக்கிறது. கடன் மதிப்பெண் இல்லாமல் அங்கே வீடு தருவார்களா?

குளக்கரை:
தருவார்கள். வேலை நியமனக் கடிதம், கடைசி இரண்டு சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, கடவுச்சீட்டு ஆகியவற்றின் நகல்களை ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை முதல் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. கேட்டால் சட்டத்தை நினைவூட்டுங்கள். நேரில் பார்க்காமல் எவருக்கும் பணம் அனுப்ப வேண்டாம். மகளின் தடுப்பூசி அட்டை கைப்பையிலேயே இருக்கட்டும், பள்ளியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஃபிரிஸ்கோவாசி:
சரி தம்பி, போய் வாருங்கள். வாடகை 4,000 ஆகும்போது எழுதுங்கள்.