ராத்திரி 11 மணிக்குள்ள முடியணும்: எந்தக் கால்பந்து கிளப்பைப் பின்தொடரலாம்?

புதுப்பந்து:
உலகக் கோப்பை மட்டும் பார்த்துப் பழக்கம். இனி வாரா வாரம் கிளப் கால்பந்தும் பார்க்கலாம்னு இருக்கேன். பிரீமியர் லீக்தான் யோசனை, வேற லீக் சொன்னாலும் சரி. காலையில சீக்கிரம் எழணும், அதனால ராத்திரி 11க்கு மேல உட்கார முடியாது. ஆபீஸ்ல மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல்னு கட்சி பிரிஞ்சு நிக்கிறாங்க. அதுல ஒண்ணைத்தான் எடுக்கணுமா? நடுத்தர கிளப் எடுத்தா பின்னாடி வருத்தப்படுவேனா? எதை வச்சு முடிவு பண்றது?

ஆஃப்சைடுகொடி:
நேரத்தை வச்சே பாதி கிளப்பைக் கழிச்சிடலாம். யாரும் இதை முதல்ல சொல்றதில்லை, ஆனா வாரா வாரம் பார்க்க முடியாத டீம்மேல பிடிப்பு வர்றது கஷ்டம்.

இங்கிலாந்துல சனிக்கிழமை மேட்ச் வழக்கமா அவங்க நேரம் 12.30, 3, 5.30. நமக்கு அது மாலை 5, இரவு 7.30, 10 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு அவங்க கடிகாரத்தை மாத்துவாங்க, அதுலேர்ந்து மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கோங்க: 6, 8.30, 11. ஞாயிறு 2 மணி மேட்ச் நமக்கு 6.30 (குளிர்காலத்துல 7.30), 4.30 மேட்ச் 9 (குளிர்காலத்துல 10). வாரநாள்ல அவங்க 8 மணிக்கு ஆடினா நமக்கு நள்ளிரவு 12.30, குளிர்காலத்துல 1.30, அதை விட்டுடுங்க. இடைவேளை, கூடுதல் நிமிஷம் எல்லாம் சேர்த்து ஒரு மேட்சுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். பெரிய கிளப்களோட மேட்சைத்தான் டிவிக்காக சனி 5.30க்கும் ஞாயிறு 4.30க்கும் அடிக்கடி மாத்துவாங்க. டிசம்பர்ல சனி 5.30ன்னா உங்களுக்கு 11 மணிக்குத்தான் ஆரம்பமே. நடுவரிசை கிளப்களுக்கு சனி 3 மணி மேட்ச் நிறைய கிடைக்கும். கீழ்மட்ட லீக் மைதானங்கள்ல கூட்டம் குறையக் கூடாதுன்னு பிரிட்டன்ல அந்த நேரத்து மேட்சை நேரலையா காட்டுறதில்லை. வெளிநாட்டுக்கு அந்தத் தடை கிடையாது. நீங்க வருஷம் முழுக்க 10.30க்குள்ள பார்த்துட்டுத் தூங்கலாம்.

பல நாட்டு கிளப்கள் தங்களுக்குள்ள மோதுற ஐரோப்பியப் போட்டிகளையும் கவனிங்க. சாம்பியன்ஸ் லீக் பெரும்பாலும் செவ்வாய், புதன். யூரோப்பா லீக், கான்ஃபரன்ஸ் லீக் பெரும்பாலும் வியாழன். வியாழன் ஆடுற கிளப்புக்கு லீக் மேட்ச் பொதுவா ஞாயிறுக்குப் போயிடும், அதுலயும் 2 மணி மேட்ச் நிறைய வரும். உங்களுக்கு அது வசதி.

சீசனுக்கு முன்னாடியே 38 மேட்ச் அட்டவணையும் வந்துடும், ஆனா டிவிக்காகத் தேதியும் நேரமும் மாறிக்கிட்டே இருக்கும். கிளப்போட காலண்டரை போன்ல சேர்த்துட்டா இந்திய நேரத்துக்கு அதுவே மாத்திக் காட்டும்.

இடதுபேக்:
நேரம் சரி. ஆனா ஹைலைட்ஸ் பார்த்து கிளப்பை முடிவு பண்ணாதீங்க. அஞ்சு நிமிஷ வீடியோவுல எல்லா டீமும் அட்டகாசமாத்தான் தெரியும்.

ஃபுல்ஹாம், கிரிஸ்டல் பேலஸ், பிரைட்டன், எவர்ட்டன், ஆஸ்டன் வில்லா, இவங்கள்ல மூணைப் பிடிங்க. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு முழு மேட்ச்: சொந்த மைதானத்துல ஒண்ணு, வெளியூர்ல ஒண்ணு. பந்தை மட்டும் துரத்தாம கோல் கிக்கைப் பாருங்க, அதாவது கோல் பக்கத்துலேர்ந்து பந்தை மறுபடி ஆட்டத்துக்குள்ள அடிக்கிறதை. 2019ல விதி மாறினதுலேர்ந்து கோல் கிக்கை பெனால்டி பாக்ஸுக்குள்ளயே சொந்த ஆள் வாங்கலாம். ரெண்டு சென்டர் பேக்கும் (டிஃபென்ஸ் நடுவுல நிக்கிறவங்க) கீப்பருக்கு ரெண்டு பக்கமும் பாக்ஸுக்குள்ள வந்து நின்னா, எதிராளியை வேணும்னே மேல இழுத்துட்டு அவங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கிற இடத்துல பாஸ் போடத் திட்டம். எல்லாரும் நடுக்கோட்டுப் பக்கம் கூட்டமா நின்னா நீளமா அடிச்சு, விழற பந்துக்குச் சண்டை போடப் போறாங்க. முதல் வகையில தப்பு நடந்தா சொந்த கோல் முன்னாடியே பந்து பறிபோகும். அது உங்களுக்குப் பதற்றமா, ரசனையான்னு ரெண்டு மேட்ச்ல தெரிஞ்சிடும்.

ஒரு வீரருக்காகவோ கோச்சுக்காகவோ கிளப் எடுத்தா சீக்கிரம் கைவிட்டுப் போகும். 2023 கோடையில பிரைட்டன்லேர்ந்து மக்அலிஸ்டர் லிவர்பூலுக்கும், கைசெடோ செல்சீக்கும் போனாங்க. லிவர்பூல் கோச் கிளாப் 2024ல அந்த கிளப்பை விட்டுப் போனார். பத்து வருஷம் டாட்டன்ஹாம்ல ஆடின தென் கொரிய வீரர் சன்னும் 2025ல அமெரிக்கா போயிட்டார். அதனால முதல் ஜெர்சியைப் பேர் போடாம வாங்குங்க. சீசன் முடியற மே, ஜூன்ல அந்த வருஷ ஜெர்சி விலை நல்லா குறையும்.

ஜெயிக்கிற டீம்னு எடுக்கிறதுல தப்பில்லை. ஆனா பட்டத்துக்குப் போட்டி போடுற கிளப்புக்கு ஒரு டிரா கூட தோல்வி மாதிரிதான். நடுவரிசை கிளப்புக்கு ஒரு கோப்பை அரையிறுதியே அந்த வருஷத்தையே நிறைச்சிடும். பேலஸ் 2025ல மான்செஸ்டர் சிட்டியை 1-0ன்னு ஜெயிச்சு எஃப்.ஏ. கோப்பை (லீக்குக்குத் தனியா நடக்கிற இங்கிலாந்து நாக்-அவுட் போட்டி) எடுத்தாங்க, அதான் அவங்களோட முதல் பெரிய கோப்பை. அந்த இறுதிப் போட்டியில கேலரி இருந்த நிலையைத் தேடிப் பாருங்க.

மஞ்சள்சுவர்:
நேரம்தான் பிரச்சினைன்னா ஜெர்மனியை ஏன் விடணும்? புண்டஸ்லிகா சனிக்கிழமை முக்கிய மேட்ச்கள் அவங்க நேரம் 3.30, நமக்கு 7 மணி, குளிர்காலத்துல 8. பெரும்பாலான கிளப்ல 50+1 விதிப்படி வாக்குரிமையில பெரும்பான்மை, கிளப் உறுப்பினர்களா இருக்கிற ரசிகர்கள் கையில. அதனால டிக்கெட் விலை, நின்னு பார்க்கிற கேலரி எல்லாம் ரசிகர் பக்கம் சாய்ஞ்சே இருக்கு. டார்ட்மண்டோட தெற்கு கேலரியில மட்டும் 24,000க்கு மேல ஆளுங்க நின்னுக்கிட்டே பார்ப்பாங்க. குறைன்னா பயர்ன் மியூனிக் கிளப்போட ஆதிக்கம்தான். 2013லேர்ந்து தொடர்ந்து 11 பட்டம் எடுத்தாங்க, 2023-24ல லெவர்குசன் ஒரு தோல்விகூட இல்லாம அதை உடைச்சாங்க.

ஸ்பெயின் உங்களுக்கு ஒத்து வராது. பெரிய மேட்ச் பல அவங்க நேரம் 9 மணிக்கு, நமக்கு நள்ளிரவு தாண்டிடும்.

புதுப்பந்து:
ரொம்ப நன்றிங்க. ஃபுல்ஹாம், பேலஸ், எவர்ட்டன் மூணையும் பார்க்கப் போறேன். ஒரு சந்தேகம்: எடுத்த கிளப் கீழ் லீக்குக்கு இறங்கிட்டா?

ஆஃப்சைடுகொடி:
20 டீம்ல கடைசி மூணு, அடுத்த நிலை லீக்கான சாம்பியன்ஷிப்புக்கு இறங்கும். அங்கே 24 டீம், 46 மேட்ச், வாரநாள் ராத்திரி மேட்ச் நிறைய. இந்தியாவுல எல்லா மேட்சும் காட்டுவாங்கன்னு நம்ப முடியாது, உங்களுக்கு அதுதான் நிஜமான நஷ்டம். டிவி வருமானம் சரிஞ்சதும் நல்ல வீரர்களையும் வித்துடுவாங்க. லெஸ்டர் 2016ல லீக் சாம்பியன், 2021ல எஃப்.ஏ. கோப்பை. 2023ல இறங்கி, 2024ல ஏறி, 2025ல மறுபடி இறங்கினாங்க. அதனால புதுசா மேலே வந்த கிளப்பை முதல் வருஷமே எடுக்காதீங்க. நீங்க சொன்ன மூணுல எவர்ட்டன் 1954லேர்ந்து முதல் லீக்கை விட்டு இறங்கினதே இல்லை.

இடதுபேக்:
இன்னொண்ணு. ஒளிபரப்பு உரிமை சில வருஷத்துக்கு ஒருமுறை கை மாறும், லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பா மூணும் ஒரே ஆப்ல இருக்கணும்னு இல்லை. வருஷச் சந்தா கட்டறதுக்கு முன்னாடி, எடுத்த கிளப் அந்த சீசன்ல எந்தெந்தப் போட்டியில ஆடுதுன்னு பார்த்துட்டுக் கட்டுங்க. சென்னையில இருந்தா, சென்னையின் எஃப்.சி. நேரு ஸ்டேடியத்துல ஆடும்போது கேலரி மேல்வரிசையில உட்கார்ந்து ஒரு மேட்ச் பாருங்க. பந்து இல்லாத பக்கம் டிஃபென்ஸ் வரிசை எப்படி மேலேறி இறங்குதுன்னு டிவியில தெரியவே தெரியாது.