தேர்தல் வருடத்தில் எங்கள் ஊருக்கு வந்தவர்கள்: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

குளக்கட்டு, கிளிநொச்சி

தேர்தல் வருகிறதா என்று பேப்பர் பார்க்கத் தேவையில்லை. மூன்று மாரியாக வெள்ளம் நின்ற ஒழுங்கையில் கிரவல் பறிக்க டிப்பர் வந்தால் சரி, பின்னால் அரசியல் ஆட்கள் வருகிறார்கள்.

நான் கண்டதில் பெரியது 2013. 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் செப்டெம்பர் 14ஆம் திகதி கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவே ஓமந்தையிலிருந்து அதில் வந்து இறங்கினார். வட மாகாண சபைத் தேர்தல் 21ஆம் திகதி. இடையில் ஏழே நாள். அடுத்த வருடம் ஒக்டோபர் 13 அதே கோச்சி (ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) யாழ்ப்பாணம் போனது, அதிலும் அவர்தான். 2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தல். இந்தப் பாதைக்கு நேரசூசி எழுதியது ரயில்வே திணைக்களமா தேர்தல் திணைக்களமா என்று நாங்கள் பகிடி விடுவோம்.

நான் போனது கோச்சி பார்க்க. மகனுக்கு அப்போது ஒன்பது வயது, ரயிலைப் படத்தில் மட்டும் கண்டவன். எல்லாரும் கொடி ஆட்ட, அவன் என் சாரத்தைப் பிடித்து இழுத்து, "அப்பா, இது எப்பிடித் திரும்பிப் போகும்? வளையிறதுக்கு இடம் இல்லையே" என்று கேட்டான். பேச்சில் என்ன சொன்னார்கள் என்பது ஒன்றும் நினைவில்லை. அந்த மாகாண சபைத் தேர்தலில் 38 ஆசனத்தில் 30 தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குப் போனது. கோச்சியில் இன்றைக்கும் ஏறுகிறேன்.

கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது வேண்டாம்.

நெல்மூட்டை, இரணைமடுவின் கீழ்

2024 சிறுபோகம். ஜனாதிபதித் தேர்தலுக்கு மூன்று கிழமை இருக்கும். கமக்காரர் அமைப்பிலிருந்து கோல் வந்தது: "அண்ணை, உங்கட றோட்டுக்கரை வயல்ல கொஞ்சத்தை வெட்டாம விடுங்கோ. எம்.பி. அறுவடை விழாவுக்கு வாறார்." அவர் அரசாங்கப் பக்கம் நின்றவர், பெயர் வேண்டாம்.

வெட்டு மெசின் மூன்று ஏக்கரையும் முடித்து, றோட்டோரம் ஒரு பாத்தி மட்டும் நின்றது. ஒரு நாள் என்றார்கள், நாலு நாள் போனது. கதிர் முற்றி உதிரத் தொடங்கிவிட்டது. சுற்றிலும் வெட்டிய வயல், நடுவில் அந்தப் பாத்தி. ஊரில் உள்ள மயில் எல்லாம் வேறு எங்கே போகும்? நானும் மனிசியும் மாறி மாறித் தகரம் தட்டிக் காவல் இருந்தோம்.

ஐந்தாம் நாள் வந்தார். புது அரிவாள், பிடியில் விலை ஒட்டின ஸ்டிக்கர் கூட உரிக்கவில்லை. ஒரு பிடி அறுத்தார். கமராக்காரத் தம்பி சரிவரவில்லை என்றான். ஏற்கெனவே அறுத்த பிடியை இன்னொருவர் தாளோடு சேர்த்துப் பிடிக்க, இரண்டாம் தரமும் அறுத்தார். என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். நான் சேர்ட் போட்டிருந்ததால், "ஐயா, சேர்ட்டைக் கழட்டிப்போட்டு தலைப்பா கட்டுங்கோ" என்றான் அந்தத் தம்பி. கட்டினேன், ஏன் பொய் சொல்வான்.

நெல் விலை பற்றிக் கேட்க வேண்டும் என்று இரவே சொல்லிப் பழகி வைத்திருந்தேன். வாய் திறக்க முதல் வாகனக் கதவு சாத்திவிட்டது.

பழைய ரீச்சர், முல்லைத்தீவு

கெட்டிக்காரர் தேர்தல் அறிவிக்க முன்பே வந்துவிடுவார்கள். அறிவித்த பிறகு அரச சொத்தைப் பிரசாரத்துக்குப் பாவிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வரும், நாடாவும் கத்தரிக்கோலும் அலுமாரிக்குள் போய்விடும்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் வந்த நாள், பிள்ளைகள் எட்டு மணிக்கு வரிசையில் நின்றார்கள். அவர் பதினொன்றரைக்கு வந்தார். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று மயங்கி விழுந்தது. தண்ணீர் தெளித்து எழுப்பினால் அது கேட்ட முதல் கேள்வி, "ரீச்சர், அவர் போயிட்டாரா?" திறந்து வைத்த கணினி அறைக்குக் கரண்ட் வந்தது அடுத்த தவணையில்.

மாதர் சங்கம், அக்கராயன்

நெல்மூட்டை அண்ணை, உங்களுக்குத் தலைப்பா என்றால் எங்களுக்கு ஒத்திகை.

காணி உறுதி கொடுக்கிறார்கள், மாதர் சங்கம் ஒரு பஸ் ஆட்களோடு வர வேண்டும் என்று சொன்னார்கள். எங்களிடம் இருந்தது அனுமதிப்பத்திரம் மட்டும், காணி சொந்தம் என்று சொல்லும் உறுதி இல்லை, அதனால் உறுதி என்ற சொல்லுக்கே சனம் விடிய ஐந்து மணிக்கு வந்து நின்றது. மேடைக்கு இருபது பேரை எடுத்தார்கள். மாமிக்கு எழுபத்தாறு வயது, வெள்ளைச் சேலை, அதனால் முதல் வரிசை. ஓர் உத்தியோகத்தர் வந்து சொல்லித் தந்தார்: "அம்மா, ரெண்டு கையாலயும் வாங்குங்கோ. கமராவைப் பாருங்கோ. படம் எடுத்து முடியும்வரைக்கும் ஃபைலை விடாதேங்கோ." மாமி மூன்று தரம் வெறுங்கையால் வாங்கிக் காட்டினா.

வெளியே றோட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் இருந்தவர்களில் என் சின்னம்மாவும் ஒருத்தி. பொலிஸ் கம்பித் தடுப்புப் போட்டு மறித்திருந்தது. எங்கள் பஸ்ஸை உள்ளே விட்டார்கள். யன்னலால் பார்த்தேன், தம்பியின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றா. என்னைக் கண்டா. கை காட்டவில்லை, நானும் காட்டவில்லை. அன்று ஒரே வீட்டார் இரண்டு பக்கம் நின்றோம், இரண்டு பக்கத்தையும் படம் எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமி ஃபைலைத் திறந்தா. உள்ளே ஒரு போட்டோக்கொப்பியும், பிரமுகரின் படம் போட்ட வாழ்த்துக் கடிதமும். "உறுதி ஒஃபிஸ்ல தருவினம்" என்றார்கள். பதினொரு மாதம் நடந்தோம்.

சோத்துப் பார்சல் நல்லாயிருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

குளக்கட்டு, கிளிநொச்சி

தங்கச்சி, சின்னம்மா பிறகு ஏதும் சொன்னாவா?

மாதர் சங்கம், அக்கராயன்

அடுத்த நாள் வீட்டுக்கு வந்தா. மாமியின் ஃபைலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல மட்டை, மழைக்கு நனையாது" என்றா. கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு ஃபைலைக் கொண்டுபோய்விட்டா. தம்பியின் படமும் முறைப்பாட்டுக் கொப்பிகளும் இப்போது அதற்குள்தான் இருக்கின்றன.