ஆசாரியனுக்குக் காளை, பிரபுவுக்கு வெள்ளாட்டுக்கடா: இது நீதியா?

வழிப்போக்கன்:
பைபிளின் பழைய ஏற்பாட்டிலுள்ள சட்டநூலான லேவியராகமத்தின் 4-ஆம் அதிகாரத்தின்படி, அறியாமல் பாவஞ்செய்த அபிஷேகம்பெற்ற ஆசாரியன், அதாவது தலைமைக் குரு, ஓர் இளங்காளையைப் பாவநிவாரணபலியாக, அதாவது பாவம் நீங்கச் செலுத்தும் பலியாகச் செலுத்த வேண்டும். மக்களை ஆளும் தலைவனான பிரபுவுக்கோ ஒரு வெள்ளாட்டுக்கடா போதும். சாதாரண மனிதன் பெண்ணாட்டைக் கொண்டுவருகிறான். ஆளுகிறவனுக்கும் குடியானவனுக்கும் உள்ள வேறுபாடு கடாவா, பெட்டையா என்பதுதான் என்றால், தலைவனிடம் இந்தச் சட்டம் அதிகமாக எதைக் கேட்கிறது?

ஒலிவமரம்:
விலையைவிட, இரத்தம் எங்கே போய்ச் சேருகிறது என்பதே முக்கியம் என்று கருதுகிறேன். பிரபுவின் பலியில் அது முற்றத்திலுள்ள தகனபலிபீடத்தோடு நின்றுவிடுகிறது. ஆசாரியன் தவறினாலோ இரத்தம் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்துக்குள் கொண்டுபோகப்பட்டு, மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரைச்சீலைக்கு எதிரே ஏழுதரம் தெளிக்கப்பட்டு, தூபபீடத்தின் கொம்புகளிலும் பூசப்படுகிறது. இந்தப் பலி சுத்திகரிப்பது பாவியை அல்ல, தீட்டுப்பட்ட பரிசுத்த ஸ்தலத்தையே என்று லேவியராகம ஆய்வாளர் ஜேக்கப் மில்குரோம் விளக்கியதை ஏற்றால், அபிஷேகம்பெற்றவனின் தவறு உள்ளே வரை தீட்டுப்படுத்துகிறது என்றே பொருள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரபுவோ சாதாரண மனிதனோ செலுத்தும் பாவநிவாரணபலியின் இறைச்சியை ஆசாரியன் உண்ணலாம்; பிறர் செலுத்தும், முழுவதும் எரிக்கப்படும் சர்வாங்க தகனபலியின் தோலும் அவனுக்கே உரியது. தன் பாவத்துக்கான காளையிலோ, கொழுப்பு பலிபீடத்தில் எரிய, தோல், இறைச்சி, தலை, தொடைகள், குடல்கள், சாணி உட்பட மீதி அனைத்தும் பாளயத்துக்குப் புறம்பே சாம்பல் கொட்டும் இடத்தில் சுட்டெரிக்கப்படுகின்றன. தன் குற்றத்திலிருந்து அவன் ஒரு கவளம்கூடப் பெற முடியாது.

வழிப்போக்கன்:
ஆசாரியனைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். ஆனால் இவை யாவும் அறியாமல் செய்தவற்றுக்கே உரியவை. துணிகரமாய்ப் பாவஞ்செய்கிறவன் தன் ஜனத்தில் இராதபடி அறுப்புண்டுபோக வேண்டும் என்கிறது எண்ணாகமம் 15:30. தன் போர்வீரன் உரியாவைக் கொல்லுவித்த அரசன் தாவீதை யார் அறுத்தார்கள்?

ஒலிவமரம்:
தாவீதைக் கண்டித்த தீர்க்கதரிசி நாத்தான் அந்தக் குற்றத்துக்கு எந்த ஆட்டையும் கேட்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. காணிக்கையால் தீர்க்க முடியாத குற்றம் அரசனுக்கும் உண்டு. மேலும், மற்றவர்களுக்கு ‘பாவஞ்செய்தால்’ என்று சொல்லும் எபிரெய மூலம், பிரபுவுக்கு மட்டும் ‘அஷெர்’, அதாவது ‘செய்யும்போது’ என்கிறது. அதை ‘பாக்கியமுள்ள’ என்று பொருள்படும் ‘அஷ்ரே’ என்ற சொல்லோடு இணைத்து, தன் தவறுக்காகப் பலி கொண்டுவரும் தலைவனை உடைய தலைமுறை பாக்கியமுள்ளது என்றார் முதலாம் நூற்றாண்டு யூத ரபி யோகனான் பென் சக்காய். தலைவன் தவறுவான் என்று முன்னரே எதிர்பார்த்து எழுதப்பட்ட சட்டம் இது.

வழிப்போக்கன்:
அப்படியானால் 23-ஆம் வசனத்தையும் வாசியுங்கள்: தன் பாவம் தனக்குத் தெரியவந்த பிறகே பிரபு கடாவைக் கொண்டுவர வேண்டும். அதை அவனுக்குத் தெரிவிக்க வேண்டியவர் யார் என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. தாவீதிடம் நாத்தான் சென்றது கர்த்தர் அனுப்பியதால். பிரபுவிடம் போய்ச் சொல்லும் கடமையை இந்தச் சட்டம் எவர்மீதும் சுமத்தவில்லை.