பதில்: 'டிமோக்ரசி அசிஸ்டன்ஸ்' – 'வழித்துணை' என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

சர்வாதிகாரத்தில் இருந்து ஜனநாயகத்துக்கு மாறுகிற ('ட்ரான்சிஷன்') நாட்டுக்கு வெளிநாட்டார் தரும் பணமும் பயிற்சியும்தான் 'டிமோக்ரசி அசிஸ்டன்ஸ்'. அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இங்கே கேள்வி. சென்னை நண்பர் முன்வைத்த 'மக்களாட்சிப் பெயர்வு உதவி' இலக்கணப்படி சரிதான். ஆனால் கொழும்பில் இருந்து வாசிக்கிற எனக்கு அது ஒட்டவில்லை. எங்கள் பக்கத்தில் பெயர்வு என்றால் இடப்பெயர்வு. வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் இருக்கும் அம்மா ஒருவர் "இடப்பெயர்வுக்குப் பிறகு" என்று பேச்சைத் தொடங்கினால், 1995 ஒக்டோபர் கடைசியில் போருக்குள் ஊரோடு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்துபோனதைச் சொல்கிறார் என்று கேட்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரு நாடு சர்வாதிகாரத்தில் இருந்து மீள்வதற்கு அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. 'ட்ரான்சிஷன்' என்பதற்கு 'நிலைமாற்றம்' ஏற்கெனவே இருக்கிறது. 2015க்குப் பிறகு 'நிலைமாறுகால நீதி' (போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உண்மையும் நீதியும் தேடுவது) என்ற சொல் ஊர்க்கூட்டங்கள் வரைக்கும் போய்ப் பழகிவிட்டது. அந்தப் பாதியை அப்படியே வைத்துக்கொள்வோம்.

சிக்கல் மற்றப் பாதியில். திருத்துவதற்காக என்னிடம் வந்த ஒரு பயிலரங்குக் கைநூலில் 'ஜனநாயக நிலைமாற்றத்துக்கான வெளிநாட்டு நன்கொடை' என்று இருந்தது. பயிலரங்கில் மன்னாரில் இருந்து வந்த ஒரு அக்கா அதை வாசித்துவிட்டுக் கேட்டார்: "நன்கொடை எண்டா கோயிலுக்குக் குடுக்கிறதுதானே, குடுத்தவர் பிறகு கணக்குக் கேப்பாரோ?"

சரியான கேள்வி. நன்கொடை கொடுத்தவரின் பெயர் பலகையில் ஏறும், அத்தோடு சரி. இந்தப் பணமோ தேர்தல் கண்காணிப்பாளர் பயிற்சி, பாராளுமன்றக் குழுக்களுக்கான ஆய்வு, நீதித்துறைச் சீர்திருத்தம், சுயாதீன ஊடகங்கள் என்று போகும். தவணைக்குத் தவணை அறிக்கையும் கேட்கும். 'உதவி' என்று பொதுவாகச் சொன்னால் பாலம் கட்டுவதும் வெள்ள நிவாரணமும் அதற்குள் வந்துவிடும். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன 'ஜனநாயக ஊக்குவிப்பு' வேறு கருத்துக்கு வேண்டும். தடை விதிப்பது, இராஜதந்திர அழுத்தம் கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். அப்புறம், ஊக்குவிப்பு என்றால் வெளியே நிற்கிறவர்தான் வேலையைச் செய்கிறார் என்று படுகிறது.

போலந்தைப் பாருங்கள். கம்யூனிஸ்ட் அரசுக்கும் எதிரணிக்கும் வட்டமேசைப் பேச்சு நடந்தது 1989 பெப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை. ஜூன் 4இல் தேர்தல். கிழக்கு ஐரோப்பிய ஜனநாயகத்துக்கு ஆதரவு தரும் அமெரிக்கச் சட்டம் கையொப்பமானது நவம்பரில், ஐரோப்பிய சமூகத்தின் 'ஃபார்' என்ற உதவித் திட்டம் டிசம்பரில். அதற்கு முன்பே, 1983இல் தொடங்கிய 'நஷனல் என்டோவ்மென்ட் ஃபோர் டிமோக்ரசி' என்ற அமெரிக்க நிறுவனம் போலந்துத் தொழிலாளர்களின் சொலிடாரிட்டி இயக்கத்துக்குப் பணம் அனுப்பியதும் உண்மை. ஆனாலும் வேலைநிறுத்தம் செய்தவர்களும் சிறைக்குப் போனவர்களும் அந்த நாட்டுக்காரர்கள். பெருந்தொகை வந்தபோது அவர்கள் பாதி வழி நடந்து முடித்திருந்தார்கள்.

அதனால்தான் 'வழித்துணை' என்கிறேன். துணைக்கு வருகிறவர் இருட்டில் டோர்ச் பிடிப்பார், பையில் ஒன்றைத் தூக்குவார். போகிற ஊரைத் தீர்மானிப்பது புறப்பட்டவர். 'ஜனநாயக வழித்துணை' என்று முழுதாகச் சொல்லலாம். அதிலிருந்து வழித்துணை நிதி, வழித்துணைத் திட்டம், வழித்துணையாளர் எல்லாம் இழுக்காமல் கிளைக்கின்றன. கலைச்சொல்லுக்கு இது பெரிய பலம். 'ஃபார்' என்ற எழுத்துச் சுருக்கத்தின் விரிவில் இருப்பது போலந்து, ஹங்கேரி நாடுகளின் பொருளாதார மறுசீரமைப்புத்தான், ஜனநாயகம் என்ற சொல்லே கிடையாது. ஆனால் பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் கலங்கரை விளக்கம் என்று பொருள். பெயர் வைத்தவர்களுக்கும் வழிதான் நினைவுக்கு வந்திருக்குமோ என்னவோ.

சொல் பக்தி வாடை அடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது தடையாகத் தெரியவில்லை. மன்னார் அக்காவிடம் இதைச் சொன்னபோது விளக்கம் கேட்கவில்லை. "அப்ப திரும்பிப் போயிடுவினம்" என்றார். வருகிறவர் ஒருநாள் போய்விடுவார் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருப்பதை அவர்தான் எனக்குக் காட்டினார். 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எயிட் மூடப்பட்ட பிறகு இங்கே பல சிறு அமைப்புகளுக்கு அது பட்டுத் தெரிந்த விஷயம்.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. கைநூலில் 'நன்கொடை' வந்த இடங்களில் பென்சிலால் 'வழித்துணை' என்று எழுதி வாசித்துப் பார்த்தேன். மூன்று இடங்களில் வசனம் நொண்டுகிறது. மூன்றுமே, சட்டத்தை மாற்றினால்தான் அடுத்த தவணை என்று அரசின் திறைசேரிக்கு நேரே போகும் பணத்தைப் பற்றியவை. அதைத் துணை என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அங்கே 'நிபந்தனை நிதி' என்று போட்டிருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருந்தால், கைநூல் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.